அம்புப் பலகை

எனக்குக் காது கேட்காது என்பது என் மகனுக்கு மட்டும்தான் தெரியும். அதையும் நானாகச் சொல்லவில்லை. பேத்தி சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள் என்று போனில் சொல்லியிருக்கிறான். நான், "ரொம்ப சந்தோஷம்ப்பா, என்னைக்கும் இப்படியே இருக்கணும்" என்று ஆசீர்வாதம் செய்திருக்கிறேன். கொஞ்ச நாளில் காதில் மாட்டும் மெஷின் ஒன்று தபாலில் வந்து சேர்ந்தது.

மெஷின்மேல் குறை சொல்ல மாட்டேன். மாட்டிக்கொண்டால் குழாய் சொட்டுவது கேட்கிறது, நாற்காலி முனகுவது கேட்கிறது, அலமாரிக் கதவு அழுவது கேட்கிறது. பேசுவதற்குத்தான் ஆள் இல்லை. மனைவி போனபிறகு இந்த வீட்டில் மனிதச் சத்தம் என்றால் என் இருமல்தான். அதைப் பெரிதாக்கிக் கேட்பதற்கு ஒரு மெஷினா? மேஜை டிராயரில் போட்டு மூடிவிட்டேன்.

காது தேவைப்பட்டது ஒரே ஓர் இடத்தில். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், டிரம்மர் வீட்டில். அங்கே மட்டும் மெஷினோடு போக முடியாது. ஏன் என்று சொல்கிறேன்.

டிரம்மர் வாழ்க்கையில் ஒரு டிரம்மைத் தொட்டவன் இல்லை. பஸ் டெப்போவில் ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டோரைக் கட்டி மேய்த்தவன். ஆனால் மேஜை, தொடை, டிபன் டப்பா, பக்கத்தில் நிற்பவன் முதுகு, எது கிடைத்தாலும் விரலால் தாளம் போட்டுவிடுவான். எங்களில் மூன்றாவது ஆள் ஸ்டாப்வாட்ச். பாங்க் குமாஸ்தா. எங்கே போனாலும் முதலில் போய்ச் சேர்ந்து, நாங்கள் எவ்வளவு தாமதம் என்று நொடிக்கணக்கில் சொல்லிக் கழுத்தறுப்பான். போன வருஷம் அங்கேயும் எங்களை முந்திக்கொண்டு போய்ச் சேர்ந்துவிட்டான். நான் லேத் பட்டறையில் இருந்தவன். இரும்பைக் கடைந்து கடைந்து கண் நன்றாக இருக்கிறது, காதுதான் போய்விட்டது.

எங்கள் இளமையில் ஊருக்கு வெளியே, கைவிடப்பட்ட விமான ஓடுபாதையில் கார் ரேஸ் நடக்கும். மேடையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதைத்தான் தடுப்பு என்பார்கள். நாங்கள் வேடிக்கை பார்க்கப் போய், அப்படியே ஒரு டிரைவருக்கு எடுபிடி ஆகிவிட்டோம். டயர் கடைக்காரர் மகன் அவன். கியர் மாற்றுவது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இருக்கும். அதனால் அவனுக்கு வெண்ணெய் என்றே பெயர் வைத்தோம். அவனுக்குப் போட்டி பாதிரியார். கொடி விழும்வரை கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான், விழுந்தபின் பிசாசு பிடித்ததுபோல ஓட்டுவான். குதிரைவால் என்று ஒருவன் இருந்தான். ஹெல்மெட்டுக்குப் பின்னால் முடி பறக்கப் போய், எல்லா ரேஸிலும் ஏதாவது ஒரு வைக்கோல் கட்டுக்கு முத்தம் கொடுத்துவிட்டு வருவான். பெண்கள் கூட்டம் மட்டும் அவன் பக்கம்தான்.

ஸ்டாப்வாட்ச் நேரம் எடுப்பான். நான் பலகை பிடிப்பேன். ஹெல்மெட்டும் என்ஜினும் சேர்ந்துவிட்டால் ஓட்டுகிறவன் பக்கத்தில் இடி விழுந்தாலும் அவனுக்குக் கேட்காது. அந்தக் காலத்தில் அவனிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பலகைதான். நான் பட்டறையிலேயே செய்த அலுமினியப் பலகை அது. அதில் எண் தகடுகளைக் கொக்கியில் மாட்டி, அவன் எங்களைக் கடக்கும்போது தலைக்கு மேலே தூக்கிக் காட்டுவேன். எத்தனாவதாகப் போகிறாய், இன்னும் எத்தனை சுற்று என்று. பார்த்துவிட்டான் என்றால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். அவ்வளவுதான் பதில்.

அம்புத் தகடு ஒன்றும் உண்டு. அம்பு என்றால், டயர் பார்க்கவோ பெட்ரோல் போடவோ பாதையை விட்டு 'உள்ளே வா'. ஆனால் பார்த்தவுடன் வர முடியாது. உள்ளே திரும்பும் வழி எனக்கு முந்தியே இருந்தது. என்னைப் பார்க்கும்போது அதைத் தாண்டியிருப்பான். முழுதாக ஒரு சுற்று போய்விட்டுத்தான் வந்தாக வேண்டும். வெண்ணெய்க்கு மறதி அதிகம். ஆகவே அவன் வந்து சேரும்வரை பலகையை இறக்கக் கூடாது என்று ஸ்டாப்வாட்ச் சட்டம் போட்டிருந்தான். கை கடுக்கும். இறக்கினால் ஸ்டாப்வாட்ச் திட்டுவது அதைவிடக் கடுக்கும்.

டிரம்மருக்கு வேலை வேறு. டெப்போ சம்பளத்தில் வாங்கிய டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மைக்கை வளைவுகளில் நீட்டி ரேஸ் சத்தத்தைப் பதிவு செய்வான். கேசட்டின் ஒரு பக்கம் ரேஸ். மறுபக்கம் வெளிநாட்டு ரேடியோவில் பிடித்த ராக் பாட்டு. தோள்வரை முடி வளர்த்த நாலு பேர், தொண்டையில் ஜல்லி அரைத்த ஒரு பாடகன், கையில் வலிப்பு வந்ததுபோல ஒரு கிடார்க்காரன். அதில் ஒரு பாட்டில் வரும் டிரம் சோலோ தொடங்கி முடிவதற்குள் டிரம்மரின் மனைவி ஒரு வாளித் துணியை அலசிக் காயப்போட்டுவிடுவாளாம். அந்தப் பாட்டின் கடைசி வரியில் ரேடியோ அறிவிப்பாளர் குறுக்கே புகுந்து பேசிவிட்டார். அந்த மனிதரை நாங்கள் திட்டாத ஞாயிறு கிடையாது.

ஓடுபாதை கிடங்காகிவிட்டது. வெண்ணெய் வேறு நாட்டுக்குப் போனான். எங்கே எப்படி இருக்கிறானோ. கேசட்டுகள் மிஞ்சின. டிரம்மர் வீட்டு முன்னறையில் அவற்றைப் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, கியர் விழும் சத்தத்தை வைத்தே போவது யார் என்று சொல்லும் விளையாட்டுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமை. விளையாட்டு என்று பெயர்தான். உண்மையில் அது சண்டை.

"அது வெண்ணெய்டா. மூணாவது கியர் எப்படி விழுது பாரு, சத்தமே இல்லாம" என்பான் டிரம்மர்.

"உன் மூஞ்சி. அது பாதிரியார். வெண்ணெய் அந்த வளைவுல ஆக்சிலேட்டர்லேருந்து காலையே எடுக்கமாட்டான்."

"மழை பேஞ்சா எடுப்பான்."

"அன்னைக்கு எங்கடா மழை? உங்க வீட்டுக் கூரை ஒழுகியிருக்கும்."

ஸ்டாப்வாட்ச் தீர்ப்பு சொல்வான். தோற்றவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான். டீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

நடுவில் கொஞ்ச காலம் ஒரு இன்சூரன்ஸ்காரர் வந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷன். யார் எதைச் சொன்னாலும் "ஆமாமா, அவனேதான்" என்பார். டிரம்மருக்குச் சந்தேகம். ஒருநாள் தெருவில் தண்ணீர் லாரி ரிவர்ஸில் வருகிற சத்தத்தைப் பதிவு செய்து கேசட்டில் போட்டான். இன்சூரன்ஸ்காரர் கண்ணை மூடிக் கேட்டு, "பாதிரியார்!" என்றார். டிரம்மர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தான்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க சார். கேக்காமலே கேட்ட மாதிரி தலையாட்டுறவங்களுக்கு இங்க நாற்காலி கிடையாது."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான். எனக்குக் காது மங்க ஆரம்பித்தபோது முதலில் ஞாபகம் வந்தது அந்தத் திறந்த கதவு. எனக்கு அந்த நாற்காலி போனால் வேறு நாற்காலி இல்லை. வாரத்தில் அந்த ஒரு மத்தியானத்துக்காகத்தான் சவரம் செய்துகொள்கிறேன், சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். மெஷினோடு போனால் முதல் கேள்வியே காதைப் பற்றித்தான் வரும். ஆகவே நடிக்கத் தொடங்கினேன்.

நடிப்பது கஷ்டமாக இல்லை. கேசட்டுகள் எனக்கு மனப்பாடம். கண்ணை முழுதாக மூடாமல், ஸ்பூலில் நாடா எந்த அளவு தடித்திருக்கிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வேன். லேத் வேலைக்காரனுக்குத் தடிமன் பார்க்கச் சொல்லியா கொடுக்க வேண்டும்? கால்வாசி என்றால் பாதிரியார் முந்துகிற இடம். பாதி என்றால் குதிரைவால் வைக்கோலுக்குள் போகிற இடம். டிரம்மர் பேசுவதும் அப்படித்தான் புரிந்தது. பாதி வாயசைவு, பாதி பழக்கம். அந்தப் பாழாய்ப்போன மீசையை மழித்திருந்தான் என்றால் இன்னும் கொஞ்சம் புரிந்திருக்கும்.

ஸ்டாப்வாட்ச் போனபிறகு டிரம்மர் சாந்தமாகிவிட்டான். நான் "வெண்ணெய்" என்றால், "ஆமாடா" என்பான். அவன் "பாதிரியார்" என்றால், "வேற யாரு" என்பேன். சண்டையே இல்லை. மனுஷன் வயதாக ஆகப் பக்குவப்படுகிறான், நண்பன் செத்தது அவனை மாற்றிவிட்டது என்று நினைத்து நெகிழ்ந்துபோனேன். டிரம்மராவது, பக்குவப்படுவதாவது! எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உறைத்திருக்க வேண்டும். அவன் மருமகள் ஆரம்பப் பள்ளி டீச்சர். வாயை நன்றாகத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகப் பேசுவாள். அவள் பேச்சு எனக்கு முக்கால்வாசி புரியும். அவர்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடித்து முடித்த புதிதில் ஒருநாள் டீயை நீட்டிக்கொண்டே, "ரொம்ப தேங்க்ஸ் பெரியப்பா" என்றாள். எதற்கு என்று தெரியவில்லை. தெரியாத நன்றிக்கும் தலையாட்டுவது என் வழக்கமாகியிருந்தது. ஆட்டினேன்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை டிரம் சோலோ கேசட். டிரம்மர் அவன் நாற்காலியில் சாய்ந்து, கண்களை மூடி, கைப்பிடியில் பத்து விரலாலும் வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தான். எனக்கு மூக்கு நமநமத்தது. கைக்குட்டையை எடுக்கும்போது, பேப்பர் படிக்க மட்டும் போடுகிற கண்ணாடியின் கூடு சட்டைப் பையிலிருந்து நழுவி, கேசட் பிளேயர் வைத்திருந்த அலமாரிக்குப் பின்னால் விழுந்தது. குனிந்து கையை விட்டேன்.

அங்கே ஸ்பீக்கர் பெட்டிக்குப் போகிற இரண்டு ஒயரும் கழன்று, ஒன்றாகச் சுருட்டப்பட்டு, ரப்பர் பேண்ட் போட்டுத் தரையில் கிடந்தன. ரப்பர் பேண்டின் மேலே சுவருக்கு அடித்த அதே மஞ்சள் பெயிண்ட் சொட்டிக் காய்ந்திருந்தது.

இப்போது நினைத்துப் பார்த்தால், ஒயரை அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடிக் கூட்டை மட்டும் எடுத்துக்கொண்டு நிமிர்ந்திருக்கலாம். எல்லாம் பழையபடி நடந்திருக்கும். ஆனால் கழன்று கிடக்கிற ஒன்றைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. பட்டறைப் புத்தி. மூளை யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது. ரப்பர் பேண்டை உருவி, ஒயர் முனைகளைப் பெட்டியின் பின்னால் சொருகி அழுத்திவிட்டேன்.

பெட்டிமேல் வைத்திருந்த என் இடது கை அதிர்ந்தது. பாதத்துக்குக் கீழே தரை அதிர்ந்தது. அலமாரிக் கண்ணாடிக்குள் இருந்த பீங்கான் கோப்பைகள் நகர்ந்து ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டன. வாரா வாரம் எதுவும் கேட்காமல், டிரம்மர் சத்தத்தைக் கூட்டிக் கூட்டிக் கடைசிவரை திருகி வைத்திருக்கிறான்.

அவன் விரல்கள் நின்றன. கண்ணைத் திறந்தான். காலுக்குக் கீழே தரையைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். என் கையிலிருந்த ரப்பர் பேண்டைப் பார்த்தான். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல இருவரும் அப்படியே இருந்தோம்.

மருமகள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளேயிருந்து ஓடி வந்தாள். பின்னால் தூக்கம் கலைந்த குழந்தை.

"ஐயோ, என்ன பெரியப்பா இது! பெயிண்ட் அடிக்க வந்தவங்க கழட்டிப் போட்டது, இப்பதான் மாட்டினீங்களா? இத்தனை நாளா சத்தமே இல்லையே, நீங்க ரெண்டு பேரும் எங்களுக்காகக் குறைச்சு வெச்சுக் கேக்குறீங்கன்னுல்ல நினைச்சேன்!"

அவள் சொன்னது எனக்குப் புரிந்தது. அவனும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப்போலவே. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள். இங்கே சங்கையும் யாரும் ஊதவில்லை, இரண்டு செவிடர்களும் ஆகா என்று ரசித்திருக்கிறோம். அடுத்த நொடி சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வாரமும் பக்கத்தில் ஒருவன் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்ற தைரியத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எனக்குக் கேட்காவிட்டால் என்ன, பாட்டு அந்த அறையில் இருக்கிறது, வெண்ணெய் அந்த அறையில் ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று நம்பினேன். அறையில் எதுவுமே இருந்திருக்கவில்லை.

டிரம்மர் எழுந்து பிளேயரை நிறுத்தினான். கேசட்டை எடுத்து வேறு ஏதோ ஒரு டப்பாவில் வைத்து மூடினான். தப்பான டப்பாவில் கேசட்டை வைத்தால் கொலை விழும் என்று சொல்கிற ஆள் அவன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சொன்னான். தோள் அசைந்ததால்தான் பேசினான் என்றே தெரிந்தது. என்ன சொன்னான்? 'போடா' என்றானா, 'உக்காருடா' என்றானா, 'இனிமே வராதே' என்றானா? என்னடா சொன்னே என்று கேட்டிருக்கலாம். மறைப்பதற்கு இனி என்ன மிச்சம்? ஆனாலும் பல வருஷப் பழக்கம், தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். போகவில்லை. அவன் 'வராதே' என்று சொல்லியிருந்தால்? போன் செய்யலாம், செய்து இரண்டு பேரும் என்ன செய்வது, மூச்சு விடுவதா? மருமகளிடம் கேட்கலாம், மாமனார் உங்களைப் பார்க்க இஷ்டமில்லை என்கிறார் என்று அவள் தெளிவாக, எழுத்து எழுத்தாகச் சொல்லிவிட்டால் அதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை. மகன் போன் செய்தான். "நல்லாருக்கேன்பா, நல்லாருக்கேன்பா" என்று அவன் பேச்சில் இடைவெளி வந்தது என்று தோன்றிய இடத்திலெல்லாம் சொன்னேன். சாயங்காலம் சட்டையைக் கழற்றி, கசங்காததால் மறுபடி மாட்டி வைத்தேன். தனிமை எனக்குப் புதிதில்லை. ஆனால் அதுவரை அது ஆறு நாள் தனிமை. ஏழாவது நாளும் சேர்ந்துகொண்டபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

அதற்கடுத்த ஞாயிறு டீ போட டப்பாவை எடுக்கும்போது அதைப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே டப்பாக்கள் வைக்கிற தட்டு. மனைவி காலத்திலேயே நான் ஆணி அடித்து மாட்டிக்கொடுத்தது. சர்க்கரையும் டீத்தூளும் சுமந்து, எண்ணெய்ப் பிசுக்கேறி, அது என்னவென்றே எனக்கு மறந்திருந்தது. டப்பாக்களை இறக்கி, தட்டைச் சுவரிலிருந்து கழற்றினேன். அடியில் கொக்கிகள் வரிசையாக இருந்தன, ரேஸில் நான் பிடித்த பலகை.

எண் தகடுகள் பலவற்றைக் காணோம். அம்பு இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன்.

பட்டப்பகலில், இஸ்திரி சட்டையும் கக்கத்தில் அலுமினியப் பலகையுமாக ஒரு கிழவன் தெருவில் போனால் பார்க்கிறவர்கள் பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்கட்டும். டிரம்மர் வீடு இரண்டு தெரு தள்ளி, முதல் மாடி. அவன் பால்கனியில் உட்கார்ந்திருந்தான். விரல்கள் கைப்பிடியில் சும்மா கிடந்தன. அந்த விரல்களை அப்படிச் சும்மா நான் பார்த்ததே இல்லை, பார்க்கச் சகிக்கவில்லை.

எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று பலகையைத் தலைக்கு மேலே தூக்கினேன். அவன் பார்க்கவில்லை. அவன் பார்வை வேறெங்கோ இருந்தது. கை கடுக்க ஆரம்பித்தது. அப்போதுதான் எனக்கு ஆத்திரம் வந்தது, அவன்மேல், என்மேல், அந்தத் தலையாட்டல்மேல். தொண்டை கிழியக் கத்தினேன்.

"டேய் டிரம்மர்! எனக்குக் காது கேக்கலைடா! ஸ்டாப்வாட்ச் இருக்கும்போதே கேக்கலைடா! நான் அப்பவே நடிச்சேன்டா!"

சைக்கிளில் போனவன் காலை ஊன்றி நின்றான். மேல்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்துக் கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். மருமகள் பால்கனிக்கு வந்து, என்னைப் பார்த்து, வாயில் கையை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பூசி மெழுகியதைத் தெருவுக்கே சொல்லிவிட்டேன். கேட்க வேண்டியவனைத் தவிர எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அவள் அவன் தோளைத் தொட்டுக் கீழே காட்டினாள். குனிந்து என்னைப் பார்த்தான். மீசை அசைந்தது. பிறகு மெதுவாக, ஒரு கையைக் குவித்துக் காதோரம் வைத்தான்.

செத்தாலும் அந்தக் கையை அங்கே வைக்காத ஆள் அவன்.

நான் மறுபடி கத்தவில்லை. பலகையை மட்டும் இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன். வெயிலில் அது பளபளத்திருக்க வேண்டும், கண்ணைச் சுருக்கினான். வெகுநேரம் பார்த்தான். அன்றைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு என்ன சொன்னான் என்பது எனக்கு இப்போதும் தெரியாது. 'வராதே' என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் காதில் இருந்த கையை இறக்கி, பால்கனிக் கம்பியைப் பிடித்தான். கம்பியிலிருந்து ஒரு விரலைத் தூக்கினான்.

பிறகு திரும்பி உள்ளே போய்விட்டான். பால்கனி காலியாக இருந்தது. கீழே வாசல் கதவு மூடியே இருந்தது. வேடிக்கை பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். சைக்கிள்காரன் என் பக்கத்தில் வந்து, போதும் பெரியவரே, கையை இறக்குங்கள் என்பதுபோல ஏதோ சைகை காட்டினான்.

நான் இறக்கவில்லை. அம்பைப் பார்த்தவன் ஒரு சுற்று போய்விட்டுத்தான் உள்ளே வருவான்.